லக்சம்பர்க் போன கேள்வி

1

இந்தக் கதை ஒரு பொடி எழுத்து வரியிலிருந்து பிறந்தது. லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நாடுகளின் பொது நீதிமன்றத்திலிருந்து எங்கள் நீதிமன்றத்துக்கு வந்த பதிலின் முதல் பக்கத்தில், வழக்கின் பெயருக்குக் கீழே அந்த வரி இருந்தது: 'இது கற்பனைப் பெயர். வழக்கில் உள்ள எவருடைய உண்மைப் பெயரையும் குறிப்பதல்ல.' அங்கே இப்போதெல்லாம் அப்படித்தான். சாதாரண மனிதர்கள் வழக்காடினால் அவர்கள் பெயரை மறைத்துவிட்டு, கணினி கோத்துத் தருகிற ஏதோ ஒரு பெயரை வைக்கிறார்கள். எங்கள் வழக்குக்கு விழுந்த பெயர் ஓர்வெலின். எந்த மொழியிலும் அதற்குப் பொருள் இல்லை.

ஸ்லோவாக்கியாவின் கிழக்கு மூலையில் ஒரு சிறிய ஊரின் மாவட்ட நீதிமன்றத்தில் இருபத்தாறு வருடமாகத் தட்டச்சு செய்கிறவள் நான். நீதிபதி சொல்லச் சொல்ல அடிப்பேன். மற்ற நேரங்களில் பதினான்காம் அறையின் கவுன்டரில் மனுக்களை வாங்குவேன். அந்தப் பொடி வரியைப் படித்ததும் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. வழக்குக்குள் இருக்கிற பெண்ணுக்கு அவர்கள் கற்பனைப் பெயர் கொடுக்கலாம் என்றால், நானும் ஒன்று கொடுத்து அவள் கதையை எழுதலாமே.

ஆகவே வில்மா. கணவர் இம்ரிக். இரண்டும் நான் வைத்த பெயர்கள்.

(கதை பிறந்த விதம் இதுதான் என்று முதல் வரைவில் எழுதி முடித்துவிட்டேன். அது முழு உண்மை இல்லை. மீதியைச் சொல்லத் துணிச்சல் வருகிற இடத்தில் சொல்கிறேன்.)

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

முதல் தொடக்கம்: 'நுகர்வோருக்கு நீதி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது இருபத்தேழு நாடுகளுக்கும் பொதுவான' — வேண்டாம். அலுவலகத்தில் அடிக்கிற வாக்கியம்.

இரண்டாவது: 'வில்மாவின் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தேவாலயத்தின் கோபுரமும் அதற்கப்பால் மலையும்' — மலையை வைத்து ஆரம்பித்தால் நானே படிக்க மாட்டேன்.

மூன்றாவது: 'நாற்காலி பதினோராவது படியில் நின்றது.' இதை வைத்துக்கொள்கிறேன். நடந்தது அதுதான்.

எங்கள் வட்டாரத்து வீடுகள் பலவற்றில் கீழே கார் நிறுத்துகிற இடமும் கிடங்கும் இருக்கும், குடியிருப்பது மாடியில். இம்ரிக்கும் வில்மாவும் கல்யாணமான புதிதில் தங்கள் கையாலேயே கட்டிய வீடு அது. பதினேழு படிகள். வில்மா தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். ஊரில் யாருக்கு எங்கிருந்து கடிதம் வரும் என்று தெரிந்தவர். அறுபத்து மூன்றாம் வயதில் அவருடைய கால்கள் ஒத்துழைக்க மறுத்துவிட்டன. நரம்பு நோய். சமதரையில் ஊன்றுசட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பார். படி இறங்க முடியாது. இம்ரிக் காட்டிலிருந்து மரம் ஏற்றி வரும் லாரி ஓட்டியவர். அவருக்கு முதுகு போய்விட்டது. மனைவியைத் தூக்க முடியாது.

எல்லைக்கு அப்பால் ஒரு வெந்நீர் ஊற்று ஊருக்கு வைத்தியத்துக்காகப் போனபோது, அங்கே குளியல் மண்டபத்தில் ஒரு கம்பெனிக்காரன் படிக்கட்டு நாற்காலியை ஓட்டிக் காட்டினான். சுவரோரம் பதித்த தண்டவாளத்தில் உட்கார்ந்தபடி மேலேயும் கீழேயும் போகலாம். மேசையில் ஸ்லோவாக் மொழியில் துண்டுப் பிரசுரங்கள் இருந்தன. (இதை நினைவில் வையுங்கள். பெரிய நீதிமன்றமே இந்தப் பிரசுரத்தைப் பற்றித்தான் யோசிக்கப் போகிறது.) அங்கேயே கையெழுத்திட்டார்கள். ஏப்ரலில் ஆட்கள் வந்து பொருத்தினார்கள்.

பத்தொன்பது நாள் ஓடியது. அந்தப் பத்தொன்பது நாளும் வில்மா தினமும் கீழே போனார். ரொட்டிக் கடைக்குப் போனார், பழைய அலுவலகத்துக்குப் போய் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு தபால்தலை வாங்கினார். இருபதாம் நாள் திரும்பி மேலே வரும்போது பதினோராவது படியில் நாற்காலி நின்றது. ஒன்றே முக்கால் மணி நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தார். ஊர்த் தீயணைப்புக் குழு ஆட்கள் நான்கு பேர் வந்து தூக்கி மேலே வைத்தார்கள்.

3

விற்பனைக்காரனை முதல் வரைவில் கெட்டவனாக எழுதினேன். தங்கப் பல், நழுவும் பேச்சு. பிறகு அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அவனை நான் பார்த்ததே இல்லை. பிறகு அவர் வீட்டுக்குப் போய்வரத் தொடங்கியபோது வில்மாவிடம் கேட்டதற்கு, மரியாதையான ஆள், எனக்கு ஒரு தலையணை கொண்டுவந்து கொடுத்தான் என்றார். கம்பெனியிலும் யாரும் கத்தவில்லை. நாற்காலியைக் கழற்றித் தங்கள் பட்டறைக்கு அனுப்பச் சொன்னார்கள், அனுப்பும் செலவு உங்களுடையது என்றார்கள். இம்ரிக் சண்டை போட்டார். அப்போது அவர்கள் ஒப்பந்தப் பத்திரத்தின் ஏழாம் பக்கத்தைக் காட்டினார்கள்: எந்தத் தகராறானாலும் எங்கள் நகரத்து நீதிமன்றத்தில்தான். ரயிலில் பதினொரு மணி நேரம், வேறு மொழி.

இம்ரிக் அந்தப் பத்திரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் கவுன்டருக்கு வந்தார். வக்கீல் இல்லை. மனுவைக் கையால் எழுதியிருந்தார், லாரி பழுதுப் பட்டியல் எழுதுகிற மாதிரி, வரிக்கு ஒரு குறை.

நீதிபதி கொர்னேலியா ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த நேரம். விவாகரத்தும் வேலித் தகராறும் பார்த்துப் பார்த்து அலுத்தவர். இந்தக் கோப்பைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஐரோப்பிய நாடுகளின் பொதுச் சட்டம் சொல்வது இது: வியாபாரி உன் நாட்டு ஆட்களைக் குறிவைத்து வியாபாரம் செய்தால், நீ உன் ஊர் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம், பத்திரத்தில் அவன் என்ன எழுதியிருந்தாலும் சரி. இந்தக் கம்பெனி நம்மைக் குறிவைத்ததா? விற்றது வெளிநாட்டு மண்டபத்தில். ஆனால் மேசையில் நம் மொழிப் பிரசுரம். அது போதுமா, போதாதா? கம்பெனியின் வக்கீல் போதாது என்று பதினான்கு பக்கம் எழுதியிருந்தார்.

இப்படிச் சந்தேகம் வந்தால் எங்களைப் போன்ற சின்ன நீதிமன்றமும் வழக்கை நிறுத்திவைத்துவிட்டு, கேள்வியை மட்டும் லக்சம்பர்க்கில் இருக்கும் பொது நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். எங்கள் ஊரிலிருந்து அதுவரை எவரும் அனுப்பியதில்லை.

அந்தக் கேள்வியை அடித்தது நான். ஒன்பது முறை திருத்தினோம். ஒவ்வொரு திருத்தத்திலும் ஏதாவது உதிர்ந்தது. முதலில் தபால் நிலையம் போயிற்று, பிறகு பதினேழு படி, பிறகு வில்மாவின் கால்கள். கடைசியில் நின்றது 'ஒரு நுகர்வோர்', 'ஒரு வியாபாரி', 'நுகர்வோரின் மொழியில் அச்சிட்ட ஒரு பிரசுரம்'. நீதிபதியிடம் கேட்டேன். எல்லா நாட்டுக்கும் பொருந்த வேண்டுமென்றால் ஆளைக் கழற்றித்தான் அனுப்ப வேண்டும் என்றார். எனக்கு அது புரிந்தது. அன்று எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

4

காத்திருப்பை எப்படி எழுதுவது? பதினேழு மாதம். 'பருவங்கள் மாறின' என்று எழுதிப் பார்த்து நீக்கினேன்.

நடந்தவற்றைச் சொல்கிறேன். நாற்காலி சாட்சியப் பொருள், கழற்றக் கூடாது. அது பதினோராவது படியிலேயே நின்றது. அந்த வீட்டில் ஏறுகிறவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் உடம்பைத் திருப்பி ஒருக்களித்து ஏறினார்கள். தீயணைப்புக் குழு ஆட்கள், கூப்பிட்டால் வருகிறோம் என்றுதான் சொன்னார்கள். வில்மா அடிக்கடி கூப்பிடவில்லை. அலமாரியைத் தூக்குகிற மாதிரி தூக்குகிறார்கள் என்றார். அந்தப் பதினேழு மாதத்தில் ஒன்பது முறை கீழே வந்தார். அதில் ஐந்து முறை மருத்துவமனைக்கு, இரண்டு முறை சாவு வீட்டுக்கு.

இம்ரிக் மாறிப்போனார். நூலகத்துக்குப் போய்க் கணினியில் தன் வழக்கின் பக்கத்தைப் பார்ப்பார். கேள்வி இருபத்து நான்கு மொழிகளில் வெளியானது. ஃபின்னிஷ் மொழியில் வந்ததை அச்செடுத்துக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினார். மதுக்கடையில் அவரைப் பார்த்தால் லக்சம்பர்க்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது.

வில்மா சொன்னது ஊரெல்லாம் பரவியது: "பின்லாந்துக்காரனுக்கு என் வழக்கு தெரியும். மூலைக் கடை ரொட்டிக்காரன் நான் செத்துட்டேன்னு நினைச்சிட்டிருக்கான்."

(இந்த இடத்தில் இம்ரிக்கின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. ஒரு கதாபாத்திரமாக அவரை எங்கே நிறுத்துவது? மனைவிக்காகக் கண்டம் முழுவதையும் தட்டி எழுப்பிய மனிதர் என்றா? அல்லது, ஓய்வு பெற்ற லாரிக்காரருக்கு வாழ்வில் முதல்முறையாக ஒரு மரியாதை கிடைத்தது, அதை விட மனமில்லை என்றா? இரண்டு விதமாகவும் ஒரு பக்கம் எழுதினேன். இரண்டும் அவரைப் போலவே இருந்தன.)

5

இனி மீதி உண்மை.

கேள்வி போய் எட்டாவது மாதம், அக்டோபரில், இம்ரிக் என் கவுன்டருக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. புது நாற்காலி தருகிறோம், எங்கள் ஆட்களே வந்து பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவார்கள், பத்து வருடம் பழுதுபார்ப்பது எங்கள் பொறுப்பு; நீங்கள் வழக்கைத் திரும்பப் பெற வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. லக்சம்பர்க்கிலிருந்து பதில் வந்துவிட்டால் அது எல்லா நாட்டிலும் எல்லாக் கம்பெனிகளையும் கட்டும். அந்தப் பதில் வராமல் இருக்க ஒரு நாற்காலி அவர்களுக்குப் பெரிய விலை இல்லை.

"வழக்கை வாபஸ் வாங்கிட்டா, அங்க போன கேள்வி என்னங்க ஆகும்?" என்று கேட்டார்.

நான் சொல்ல வேண்டியது, வக்கீலைக் கேளுங்கள் என்பது. கவுன்டரில் இருப்பவர்கள் ஆலோசனை சொல்லக் கூடாது. நான் சொன்னது: "கேள்வி செத்துடும்."

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதுவாவது உண்மை, எங்கும் எழுதியிருக்கிற விஷயம். ஆனால் நான் அவர் முகத்தைப் பார்த்து — ஐந்து முறை இந்த வாக்கியத்தைத் தொடங்கி நிறுத்திவிட்டேன் — அவர் முகத்தைப் பார்த்து, "இவ்வளவு தூரம் போனதுக்கப்புறமா?" என்றேன்.

அவர் தலையாட்டினார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் யோசித்தது கேள்வியைப் பற்றி. ஒன்பது முறை அடித்த கேள்வி, எங்கள் கட்டடத்திலிருந்து போன முதல் கேள்வி. மாடியில் ஒருத்தி இருக்கிறாள் என்பது அந்த ஒரு நிமிடம் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. இந்தக் கதையை எழுதுவதற்குக் காரணம் அந்த நிமிடம். பொடி எழுத்து வரி எல்லாம் பிறகு வந்தது.

6

மறு வருடம் ஜூலையில் பதில் வந்தது. நீதிபதி கொர்னேலியா நின்றபடியே படித்தார். நுகர்வோரின் மொழியில் பிரசுரம் அச்சிட்டிருப்பது, குறிவைத்ததற்கு ஒரு அறிகுறி. ஆனால் அது மட்டுமே முடிவு செய்யாது. எல்லாச் சூழ்நிலைகளையும் பார்த்து, வழக்கை அனுப்பிய நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும்.

"பந்தை நம்ம பக்கமே திருப்பிட்டாங்களே" என்று மட்டும் சொன்னார். பிறகு, எல்லாச் சூழ்நிலைகளையும் பார்க்க வேண்டும் என்றால் போய்ப் பார்த்துவிடுவோம், அந்த அம்மாவால் இங்கே வர முடியாது அல்லவா என்றார்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை நீதிமன்றம் வில்மாவின் சமையலறையில் கூடியது. நீதிபதி, நான், கம்பெனி வைத்திருந்த உள்ளூர் வக்கீல், இம்ரிக். வக்கீல் பதினோராவது படியில் ஒருக்களித்தபோது அவர் கோட்டுப் பை நாற்காலியின் கைப்பிடியில் மாட்டிக் கிழிந்தது. யாரும் சிரிக்கவில்லை. வில்மா கசகசா அடைத்த ரொட்டிச் சுருள் செய்து வைத்திருந்தார். வழக்காளி வீட்டில் வாய் நனைக்கக் கூடாது என்பதால் அது மேசை நடுவில் அப்படியே இருந்தது. நான் கணினியை வைக்க அதைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

பிரசுரம், பயணம், கையெழுத்து எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, நீதிபதி மரபுப்படி, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றார்.

"ஒண்ணு பதிவுல ஏறணும்" என்றார் வில்மா. "போன அக்டோபர்ல கம்பெனிக்காரங்க ஒரு லெட்டர் போட்டாங்க. புது நாற்காலி தர்றோம், வழக்கை விட்டுடுங்கன்னு."

இம்ரிக் எழுந்து பாதியில் நின்றார். வக்கீல் பேனாவை மூடினார்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் இம்ரிக்.

"முப்பத்தொரு வருஷம் தபால் ஆபீஸ்ல இருந்தவ. மேஜை டிராயர்ல கிடக்கிற கவர்ல என்ன இருக்குன்னு பாக்கத் தெரியாதா? அது வந்த வாரமே படிச்சேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன். பதினோரு மாசமா இருந்தேன்."

உனக்காகத்தான் என்று இம்ரிக் ஆரம்பித்தார். பிறகு, நமக்கு மட்டும் இல்லை, இந்த மாதிரி மாட்டிக்கொண்ட எத்தனையோ பேருக்காக என்றார்.

"யாரு அவங்க? ஒரு பேரு சொல்லு."

இம்ரிக் மறுபடி உட்கார்ந்தார். நான் தட்டச்சுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் முறையில் சாட்சி பேசியதை நீதிபதி சுருக்கிச் சொல்வார், அதைத்தான் நான் அடிப்பேன். கொர்னேலியா இதில் எதையும் சுருக்கிச் சொல்லவில்லை. நானும் எதுவும் அடிக்கவில்லை.

"நானும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ" என்றார் வில்மா. குரல் உயரவே இல்லை. "எனக்கும் ரோஷம் இருக்கு. ஆனா அந்த வேணாம் என்னோடதா இருந்திருக்கும்ல, இம்ரிக்."

7

முடிவுகளைப் பார்ப்போம்.

நடந்தது இவ்வளவு: நவம்பரில் நீதிபதி கொர்னேலியா தீர்ப்புச் சொன்னார். எங்கள் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கம்பெனி தன் செலவில் வீட்டுக்கே வந்து சரி செய்ய வேண்டும். கம்பெனி மேல்முறையீடு செய்திருக்கிறது. கொர்னேலியா ஓய்வு பெற்றுவிட்டார். சமையலறை விசாரணைக்கு மறுநாளே இம்ரிக் கம்பெனிக்குத் தன் கையால் கடிதம் எழுதினார்: பழைய பேச்சுக்குச் சம்மதம், நாற்காலியைக் கொடுங்கள். பதில் பணிவாக வந்தது. அந்த வாக்குறுதி அப்போதைய சூழ்நிலைக்கானது; இப்போது அதற்கு அவசியம் இல்லை. லக்சம்பர்க் பதில் வந்தபின் வில்மாவின் வாயை மூடி அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

லிஸ்பனில் ஒருவர், ரீகாவில் ஒருவர், எங்கள் பதிலைக் காட்டித் தங்கள் ஊரிலேயே வழக்கு நடத்தி ஜெயித்ததாக ஒரு சட்ட இதழில் படித்தேன். அதில் பெயர்கள் இல்லை.

முதல் முடிவு: மேல் நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்கிறது, ஒரு காலை ஆட்கள் கருவிப் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள். எழுதினேன். நடக்காததை நடந்ததாக எழுதி வில்மாவிடம் காட்ட வாய் வரவில்லை.

இரண்டாவது: வில்மா இறந்துபோகிறார், பிறகு நாற்காலி ஓடுகிறது. இது எழுத மிகவும் சுலபமாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன். நேற்றுகூட என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பிளம் பழ ஜாம் தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வா என்றவரைக் கொல்ல நான் யார்?

மூன்றாவது: இம்ரிக் கீழே கார் நிறுத்தும் இடத்தைக் காலி செய்து, சுவருக்கு வெள்ளையடித்து, ஜன்னல் வைத்து, வில்மாவுக்கு அறை கட்டுகிறார். இது பாதி நடந்துகொண்டிருக்கிறது. ஜன்னல் வைத்துவிட்டார். வில்மா சம்மதிக்கவில்லை. "நான் என்ன காரா?" என்று கேட்கிறாராம். ஆனாலும் தினமும் மேலிருந்து, சுண்ணாம்பு எத்தனை கை அடித்தாய் என்று விசாரிக்கிறார். இம்ரிக் கீழிருந்து பதில் சொல்கிறார். இப்போது எல்லாவற்றையும் அவரிடம் சொல்கிறார், ஓடு வாங்கினதிலிருந்து ஆணி வளைந்ததுவரை.

8

இந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு போய் வில்மாவிடம் கொடுத்தேன். ஐந்தாம் பகுதியோடுதான். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டார். ஏறிப் போனேன்.

ஓரங்களில் பென்சிலால் எழுதியிருந்தார். இம்ரிக்கை ரொம்ப நல்லவனாக எழுதியிருக்கிறாய், குறட்டை விடுவான், அதைச் சேர் என்றார். தூக்கிய தீயணைப்பு ஆட்கள் நான்கு பேர் இல்லை, மூன்று பேர்தானாம். (திருத்தவில்லை. நான்காவது ஆள் கீழே கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்; அவர் என்னிடம் சொன்னார்.)

ஐந்தாம் பகுதியின் பக்கம் தனியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் பென்சில் படவில்லை. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதை வெட்டிடாதே" என்றார். "வேற எதை வேணும்னாலும் வெட்டு."

 கீழே இம்ரிக் ஏதோ அறுத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"முடிவு எப்படி வைக்கட்டும்?" என்று கேட்டேன். "அப்பீல் தீர்ப்பு வர்ற வரைக்கும் காத்திருக்கட்டுமா?"

"அது வந்தா கோப்பை மூடுவாங்க. உனக்கு வேலை முடியும்." பக்கங்களை அடுக்கி என் மடியில் வைத்தார். "படிக்கிறவங்ககிட்ட ஒண்ணு கேளு. அன்னிக்குக் கவுன்டர்ல உனக்குப் பதிலா அவங்க உட்கார்ந்திருக்காங்க. இம்ரிக் தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு வந்து நிக்கிறான். எங்கெங்கேயோ இருக்கிற ஆளுங்களுக்கெல்லாம் உபயோகமா ஒரு கேள்வி போயிட்டிருக்கு. நான் மாடியில இருக்கேன். அவங்க என்ன சொல்லி அனுப்புவாங்க?"

நானே ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். 'வீட்டுக்குப் போய் முதலில் வில்மாவிடம்' — இப்போது சொல்வது சுலபம். அடித்துவிட்டேன்.

உங்களிடம் பதில் இருந்தால் எனக்கு எழுத வேண்டாம். வில்மாவிடமே போய்ச் சொல்லுங்கள். என்றைக்குப் போனாலும் வீட்டில்தான் இருப்பார்.